குடியிருக்க ஒரு கூரை

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது பழமொழி. உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று சிறு வயது முதல் படித்து வருகிறோம். ஆயினும், 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஏறத்தாழ 17 இலட்சத்து 70 ஆயிரம் பேர் வீடின்றி இருந்தனர்.

சோம்பலே இதற்குக் காரணம் என்பர் சிலர். நான் அதை ஏற்கமாட்டேன். எங்கள் தெருமுனை நடைபாதையில் குடியிருக்கும் பூக்கார அம்மா, விடியுமுன் சந்தைக்குப் போய் இரவு வரை உழைக்கிறார். "வாடகைக்கு ஒரு வீடு பார்க்கலாமே, அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "மாசா மாசம் வாடகை குடுத்துடுவேன் பாப்பா. பத்து மாச அட்வான்சுக்கு எங்கே போவேன்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மழை பொய்த்தால் கிராமத்தில் வேலை இல்லை. பிழைப்புத் தேடி நகரத்திற்கு வருகின்றனர். நகரத்திலோ நிலத்தின் விலை வானளாவ நிற்கிறது; எளியவர்க்கேற்ற வீடுகள் குறைவு. அதே 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இந்திய நகரங்களில் சுமார் 1 கோடியே 10 இலட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன! எனவே, வீடுகள் பெருகினால் மட்டும் போதாது. அவை எளியவர் கைக்கு எட்ட வேண்டும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று கூற முடியாது. 1970இல் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. நகருக்குள்ளேயே பல அடுக்கு வீடுகளைக் கட்டியது. ஆனால் 2000ஆம் ஆண்டு முதல் சென்னையின் ஆற்றோரக் குடும்பங்கள் பல, தொலைவிலுள்ள கண்ணகி நகர் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டன. என் தோழி ஒருத்தியின் குடும்பத்திற்கும் அப்படியோர் இடத்தில் வீடு கிடைத்தது. அவள் இரண்டு பேருந்து மாறிச் சில மாதங்கள் பள்ளிக்கு வந்தாள், பிறகு வரவில்லை. அவளுக்குக் கூரை கிடைத்தது, படிப்பு போயிற்று.

பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், 1985இல், வாழும் உரிமையில் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் கூறியது. ஆகவே, வேலைக்கும் பள்ளிக்கும் அருகிலேயே எளியவர்க்குக் குறைந்த வாடகை வீடுகள் வேண்டும் என்பதே என் கருத்து.

மாணவிகளாகிய நம்மால் என்ன முடியும்? தமிழகத்தின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லையேல் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. நம் வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு விடும்போது, "அப்பா, மூன்று மாதம் போதுமே" என்று சொல்லலாம் அல்லவா? ஒரு குடும்பமாவது நடைபாதையை விட்டு எழுந்து வரும்.

— பத்தாம் வகுப்பு மாணவி