திறந்த வண்டியில் ஒரு வீணை

ஆடிக் கிருத்திகையின் கூட்டம் வடிந்து நான்கைந்து நாட்கள் கழித்து, நண்பர்கள் நால்வர் அரக்கோணத்திலிருந்து திருத்தணிக்கு ஒரு பழைய ஜீப்பில் புறப்பட்டோம். மேற்கூரைத் துணியைச் சுருட்டிப் பின்னால் கட்டியாயிற்று. புதிதாக ஒரு ஸ்டீரியோவும் பொருத்தியிருந்தோம். பயணம் 13 கிலோமீட்டர் அளவுதான் என்றாலும், அதற்கென்றே ஓர் ஒலிப்பதிவைத் தேர்ந்து வைத்திருந்தோம்: வீணையில் ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’. முத்துசுவாமி தீட்சிதர் திருத்தணி மலையில் இயற்றிய முதல் கீர்த்தனை என்று மரபு சொல்வது இதைத்தான். முதியவர் வடிவில் வந்த முருகன் அவர் வாயில் கற்கண்டை இட்டதாகவும், உடனே பாடல் பிறந்ததாகவும் உள்ள கதை வாசகர்கள் அறிந்ததே. பாட்டு பிறந்த மலையை நோக்கிப் போகும்போது அந்தப் பாட்டையே கேட்பது பொருத்தமாக இருக்கும் என்று எண்ணினோம்.

கேட்டதோ காற்றைத்தான். மாயாமாளவகௌளையின் மந்திர ஸ்தாயி முழுவதும் எஞ்சினுக்கும் சாலைக்கும் இரையாயிற்று. மேல் தந்தியில் விரல் பட்ட இடங்கள் மட்டும் ஆங்காங்கே ‘டிங்’ என்று தெறித்தன. மீட்டுக்கு மீட்டு இடையே இழையும் கமகம், அதாவது வீணையின் உயிர், எங்குமே இல்லை. ஒலியைக் கூட்டினோம். ஒலிபெருக்கி கரகரத்தது. இன்னும் கூட்டினோம். ஊருக்குள் நுழைந்ததும், சாலையோரத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் நாரைக் கீழே போட்டுவிட்டு இரு காதுகளையும் பொத்திக்கொண்டார். அதே நேரத்தில் எங்களைக் கடந்து சென்ற ஒரு ஷேர் ஆட்டோவில் திரைப்பாடல் ஒன்று சொல் பிசகாமல் கேட்டது. எங்கள் கருவியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட அந்த ஆட்டோவின் கருவி பெறாது.

அன்று தொடங்கிய விவாதத்தின் விளைவே இக்கட்டுரை. திறந்த வண்டியில் நல்ல இசை கேட்க முடியுமா? முடியும் என்பதே எங்கள் கட்சி. ஆனால் அதற்கான வழி ஒலியைக் கூட்டுவதில் இல்லை. அண்மை, வேகம், தேர்வு ஆகிய மூன்றில்தான் இருக்கிறது.

முதலில், வண்டியில் இசைக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்போம். மூடிய காருக்குள் ஒலிக்குச் சுவர்கள் உண்டு. சிறிய அறை என்பதால் தாழ்ந்த சுரங்கள் இயல்பாகவே வலுப்பெறுகின்றன. கூரையை எடுத்தவுடன் அந்த வலு வெளியேறிவிடுகிறது. திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பது பள்ளிப் பாடம். கதவின் அடியில், முழங்காலுக்குக் கீழே இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து காது வரை வரும் வழியில் எஞ்சுவது சொற்பம். போதாக்குறைக்குக் காற்று. காற்றின் இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. எஞ்சினின் உறுமலும் அங்கேதான். வீணையின் மந்திரத் தந்திகளும் அதே இடத்தில்தான் வாழ்கின்றன. மேலும், வண்டியின் வேகம் இரட்டிப்பானால் காற்றிரைச்சல் 15 டெசிபலுக்கும் மேலாக உயர்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் கேட்கும் பாட்டு 80 கிலோமீட்டரில் காணாமற்போவதற்கு இதுவே காரணம்.

அடுத்தது ஸ்டீரியோ என்னும் சங்கதி. 1931 டிசம்பரில் லண்டனில் ஆலன் புளூம்லைன் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது, இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு நடுவே அமர்ந்திருக்கும் ஒருவரை மனத்தில் கொண்டிருந்தார். இரு காதுகளையும் ஒலி வந்தடையும் நேரத்தில் உள்ள மிகச்சிறு வேறுபாட்டையும் அளவில் உள்ள வேறுபாட்டையும் கொண்டுதான் நம் மூளை ‘பாடகர் இங்கே, வயலின் அங்கே’ என்று படம் வரைகிறது. அந்த நேர வேறுபாடு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வண்டியோட்டியோ ஒரு பக்கமாக அமர்ந்தவர். வலப்புற ஒலிபெருக்கி அவருக்கு அரை மீட்டர் அருகில் இருந்தால், அதன் ஒலி ஏறத்தாழ ஒன்றரை மில்லி நொடி முந்திக்கொள்கிறது. அதுவே போதும், கச்சேரி முழுவதும் வலப்பக்கக் கதவுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

மேல்நாட்டுத் திறந்த கார்களைச் செய்தவர்கள் இதற்கு விடை தேடாமல் இல்லை. அருகிலுள்ள ஒலிபெருக்கியைச் சற்றுத் தாமதிக்கச் செய்து இருபுறத்தையும் ஒன்றாகக் காதில் சேர்ப்பது ஒரு வழி. வண்டியின் வேகத்திற்கேற்ப ஒலி தானே ஏறி இறங்குவது இன்னொன்று. எங்களுக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. 1989 இல் அறிமுகமான மஸ்தா எம்எக்ஸ்-5 என்னும் இருவர் அமரும் சிறு காரில், தலைசாயும் மெத்தைக்குள்ளேயே சிறு ஒலிபெருக்கிகளை வைத்தும் கொடுத்தார்கள். ஒலியைப் பெருக்குவதற்குப் பதில் காதருகே கொண்டுவந்துவிட்டார்கள்.

நம் நாட்டில் திறந்த விளையாட்டுக் கார்கள் அரிது. கோவாவில் தயாரான ‘சான் ஸ்டார்ம்’ என்னும் சிறு வண்டியை நினைவில் வைத்திருப்பவர்கள் சிலர் இருக்கலாம். நம்முடைய திறந்த வண்டி என்பது ஜீப்பும், அதைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் ஆட்டோவும்தான். 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து பிரிந்து தமிழகத்துடன் சேர்ந்த திருத்தணியில், இன்றும் தமிழ்ப் பாட்டு ஒலிக்கும் ஆட்டோவை ஒட்டியே தெலுங்குப் பாட்டு ஒலிக்கும் ஆட்டோவும் நிற்கும். அவற்றில் ஏறிப் பாருங்கள். ஒலிபெருக்கிகள் பின்னிருக்கைக்குப் பின்னால் உள்ள பலகையில், பயணியின் பிடரிக்கு ஒரு சாண் தொலைவில் இருக்கும். மஸ்தாவின் பொறியாளர்கள் வரைபலகையில் கண்ட விடையை நம் ஆட்டோக்காரர்கள் இடநெருக்கடியால் கண்டடைந்துவிட்டார்கள். அன்று எங்களைக் கடந்து சென்ற ஆட்டோவில் பாட்டு தெளிவாகக் கேட்டதில் வியப்பில்லை. வேகமும் முப்பதுக்கு மேல் இராது.

ஆனால் திறந்த வண்டியில் இசை என்னும் சிக்கலை எல்லோருக்கும் முன்பே தீர்த்தவர்கள் நம் நாகசுரக்காரர்கள் என்பதே எங்கள் எண்ணம். யோசித்துப் பார்த்தால், வீதியுலா வரும் வாகனமும் தேரும் ஒரு வகையில் திறந்த வண்டிகள்தாம். சுற்றிலும் கூட்டம், வேட்டு, மணியோசை. அந்தச் சூழலில் கேட்பதற்கென்றே ஒரு வாத்தியம் உருவாயிற்று. நாகசுரத்தின் சீவாளி எழுப்பும் ஒலி மேல் அதிர்வெண்கள் செறிந்தது. மனிதக் காது மிகக் கூர்மையாக இயங்கும் இடமும் ஏறக்குறைய அதுவே. எனவே இரைச்சல் எத்தனை இருந்தாலும் அது மேலே மிதந்து வருகிறது. தவிலின் வலந்தலைக்குக் கூடணிந்த விரல்களும் தொப்பிக்குக் கோலும் இதே காரியத்தைத் தாளத்தில் செய்கின்றன. அதைவிட முக்கியம், ஊர்வலம் நடை வேகத்தில் நகர்கிறது. காற்றிரைச்சல் என்ற பேச்சுக்கே இடமில்லை. மல்லாரி வாசித்துப் புறப்பட்டு, வீதி மூலையில் நின்று, நிதானமாக ராகம் வாசித்து, மீண்டும் நகர்வார்கள். கேட்பவர்கள் அருகே வந்து சூழ்ந்துகொள்வார்கள். அண்மை, வேகம், தேர்வு மூன்றும் அங்கே இருக்கின்றன.

பின்னாளில் நாகசுரமே அரங்குக்குள் வந்தபோது என்ன நடந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. குட்டையான, உச்ச சுருதியுள்ள திமிரி நாகசுரத்தின் இடத்தில் நீண்ட, சுருதி தாழ்ந்த பாரி நாகசுரத்தை நிலைநிறுத்தியதில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குப் பெரும்பங்கு உண்டு. இடம் மாறியபோது வாத்தியத்தின் உடலும் மாறிற்று. கேட்கும் இடம்தான் இசையின் வடிவைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

எங்கள் கவலையும் இங்கேதான் தொடங்குகிறது. இன்று நம்மில் பலர் இசை கேட்பது வண்டியில்தான். 85 டெசிபல் இரைச்சலுள்ள ஒரு வண்டியில் பாட்டின் மிக மெல்லிய பகுதியும் கேட்க வேண்டுமானால் அது 85 ஐத் தாண்ட வேண்டும். மிக உரத்த பகுதி 100 க்கு மேல் போனால் காது தாங்காது. ஆக இசைக்குக் கிடைப்பது 15 டெசிபல் இடைவெளி. குறுந்தகடு தரவல்ல இடைவெளி 96 டெசிபல். இந்த இடுக்குக்குள் நுழையும்படி, மெல்லியதை உயர்த்தி உரத்ததை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் நிறுத்தும் பழக்கம் ஒலிப்பதிவுக் கூடங்களில் 1990 களிலிருந்து பெருகிவிட்டது. வண்டியில் கேட்க முடியாத இசை மெல்ல மெல்லப் பதிவாகாமலே போய்விடும். சௌக்க காலத்தில், வீணையை மனத்தில் வைத்து, ஒவ்வொரு சுரத்தையும் நின்று நிதானித்து அமைத்த தீட்சிதரின் இசைக்கு அந்த உலகில் என்ன இடம் இருக்கும்?

‘பயணத்தில் பாட்டு என்பது ஒரு கொண்டாட்டம், அதில் நுட்பம் தேடுவது மேட்டிமை’ என்று எங்களுள் ஒருவரே வாதிட்டார். காவடியெடுத்து வருபவர்களின் வேனில் ஒலிக்கும் பாட்டில் யாரும் கமகத்தைத் தேடுவதில்லை என்றார். அது உண்மை. அந்தப் பாட்டின் வேலை வேறு. ஆனால் அந்தக் கொண்டாட்டத்திற்கும் ஓர் அளவு வேண்டாமா? காதுகளைப் பொத்திக்கொண்ட மூதாட்டி எங்கள் கொண்டாட்டத்தில் பங்கேற்கச் சம்மதித்தவரல்லர். 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று அளவு வகுத்துள்ளன. திறந்த வண்டியில் நமக்குப் பாட்டு கேட்கும் அளவுக்குக் கூட்டினால், அந்த அளவு எப்போதோ மீறப்பட்டிருக்கும். நம் காதுக்கும் அது நல்லதன்று. 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்று கணக்கிடுபவர்கள், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரத்தைப் பாதியாக்குகிறார்கள். 100 டெசிபலில் கிடைப்பது 15 நிமிடம். அரக்கோணத்திலிருந்து திருத்தணி போய்ச்சேரக்கூட அது போதாது.

இரைச்சலை நீக்கும் காதணிக் கருவிகள் இருக்கின்றனவே என்பார்கள். 1978 இல் ஒரு விமானப் பயணத்தில் அமர் போஸுக்குத் தோன்றிய எண்ணம் இன்று எல்லோர் பையிலும் இருக்கிறது. வண்டியோட்டுபவர் அதை அணியக் கூடாது, பின்னால் வரும் லாரியின் ஒலிப்பான் அவருக்குக் கேட்டாக வேண்டும். பின்னிருக்கையில் இருப்பவர் அணியலாம். ஆனால் காற்றையும் ஊரையும் விலக்கிவிட்டு இருப்பதானால், கூரையைத் திறந்தது எதற்கு?

ஆகவே எங்கள் பரிந்துரைகள் எளியவை. ஒலிபெருக்கியைக் கதவின் அடியிலிருந்து தோளின் உயரத்திற்குக் கொண்டுவாருங்கள். தாழ்ந்த சுரங்களைக் கூட்டிக் காற்றோடு போட்டியிடாதீர்கள், காற்றே வெல்லும். நால்வர் செல்லும் ஜீப்பில் ஸ்டீரியோவை மறந்துவிடுங்கள். இருபுறமும் ஒரே ஒலி வருமாறு வைத்தால், ஒருவருக்கு வயலினும் மற்றவருக்கு மிருதங்கமுமாகப் பாட்டு பங்குபோகாது. நாற்பதைத் தாண்டாதீர்கள். சாலைக்கு நாகசுரத்தையும், குரலெடுத்துப் பாடுபவர்களையும் வைத்துக்கொள்ளுங்கள். வீணையை வண்டி நிற்கும் இடத்திற்கென்று விட்டுவையுங்கள்.

நாங்களும் அதையே செய்தோம். தரிசனம் முடிந்து, 365 படிகளையும் இறங்கி, அடிவாரத்தில் விட்டிருந்த ஜீப்புக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. எஞ்சினை முடுக்காமலே பாட்டைத் தொடங்கினோம், காலையில் வைத்ததில் கால்வாசி அளவில். மந்திரத் தந்தி ஒலித்தது. ஒரு மீட்டு அடங்கி முடியும்வரை கேட்டது. வீணை எங்களுக்கு முன்னால், எஞ்சின் மூடிக்கு மேலே எங்கோ இருந்தது. பூ விற்கும் மூதாட்டி ஒருவர் கூடையோடு அந்த வழியாக வந்தார். காலையில் கண்டவரேதானா என்று எங்களுக்கு நிச்சயமில்லை. சற்று நின்று கேட்டுவிட்டு, “இன்னா தம்பி, இப்பதான் பாட்டே கேக்குது” என்றார்.

அவரேதான்.