ஆன்லைன் பொருள் எங்கே தயாரானது? அந்த ஒற்றை வரியை எழுதுவது யார்?

ஆன்லைனில் செல்போன் சார்ஜரோ, குழந்தைக்கு ஒரு ரிமோட் காரோ தேடும்போது விலையை வைத்து வடிகட்டலாம். பிராண்ட், நிறம், ஸ்டார் ரேட்டிங் என எதை வைத்தும் வடிகட்டலாம். எந்த நாட்டில் தயாரானது என்று வடிகட்டத்தான் பெரும்பாலான தளங்களில் வழியில்லை. ஒவ்வொரு பொருளாகத் திறந்து, பக்கத்தின் அடிவரை இறங்கி, ‘கூடுதல் விவரங்கள்’ என்பதைத் தட்டினால் அங்கே ஒரு வரி இருக்கும்: ‘கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்’.

இந்த வரியை மேலே கொண்டுவர மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2025 நவம்பரில் ஒரு வரைவுத் திருத்தத்தை வெளியிட்டது. இறக்குமதிப் பொருட்களை விற்கும் தளங்கள், உற்பத்தி நாட்டை வைத்துத் தேடவும் வரிசைப்படுத்தவும் வசதி தர வேண்டும் என்பது அதன் சாரம். கேட்பதற்கு நல்ல யோசனைதான். ஆனால், வடிகட்டி எதை வடிகட்டும்? அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான். அதை எழுதுவது அரசும் இல்லை, தளமும் இல்லை. பொருளை விற்பவர்.

சட்டம் புதிதல்ல

பொட்டலத்தில் என்னென்ன அச்சிட வேண்டும் என்று சொல்வது 2011-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகள். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, நிகர அளவு, எம்.ஆர்.பி., புகார் தொடர்பு விவரம் எல்லாம் இதன்படி வருபவைதான். இவற்றில் பெரும்பாலானவற்றை ஆன்லைன் பக்கத்திலும் காட்ட வேண்டும் என்ற திருத்தம் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் சீன ராணுவத்துடனான மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்த பிறகுதான் ‘இது சீனப் பொருளா?’ என்ற கேள்வி வீட்டுக்கு வீடு கேட்டது. ஒரே வாரத்தில், அரசுத் துறைகள் கொள்முதல் செய்யும் ‘ஜெம்’ தளத்தில் உற்பத்தி நாட்டைக் குறிப்பிடுவது கட்டாயமானது. ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகள் வந்தன. பொருளின் உற்பத்தி நாடு உள்ளிட்ட விவரங்களை விற்பனையாளர் தர வேண்டும் என்று அவை சொல்லின. 2021 ஜூனில் வெளியான இன்னொரு வரைவு, தளங்கள் வடிகட்டி வசதி தர வேண்டும், உள்நாட்டு மாற்றுப் பொருட்களையும் காட்ட வேண்டும் என்றது. அது விதியாகவே இல்லை. ஆக, வடிகட்டி பற்றி அரசு பேசுவது இது இரண்டாவது முறை.

தண்டனை? 2020-ல் உற்பத்தி நாட்டைக் காட்டவில்லை என்று ஒரு பெரிய தளத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டது. முதல் குற்றம் என்பதால் தொகை 25,000 ரூபாய். பண்டிகை விற்பனை நாளில் அந்தத் தொகையை ஈட்ட அப்படிப்பட்ட தளத்துக்கு எத்தனை நொடி ஆகும் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தளம் ஏன் பொறுப்பேற்பதில்லை?

பெரிய தளங்களில் பெரும்பாலானவை தங்களைச் ‘சந்தை’ என்றே சொல்லிக்கொள்கின்றன. கடை விரிப்பது வேறு யாரோ, நாங்கள் இடம் மட்டும்தான் தருகிறோம் என்பது வாதம். விதியும் அதற்கு இடம் கொடுக்கிறது. சந்தை வகைத் தளத்தில் விவரங்கள் சரியா என்பதற்கான பொறுப்பு, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தயாரிப்பாளர், விற்பனையாளர், டீலர் அல்லது இறக்குமதியாளரைச் சேரும்.

விற்பனையாளர் ஒரு படிவத்தில் நாட்டின் பெயரைத் தேர்வு செய்துவிட்டுப் போய்விடலாம். ‘இந்தியா’ என்று போட்டுவிட்டு அனுப்பும் பொட்டலத்தில் ‘மேட் இன் பி.ஆர்.சி.’ என்று அச்சாகியிருந்தால்கூடப் பலர் கவனிப்பதில்லை. பி.ஆர்.சி. என்பது சீன மக்கள் குடியரசு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான். சீனா என்ற பெயர் கண்ணில் படாமல் இருக்க இது ஒரு வசதி.

இதையே துறைமுகத்தில் நடப்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். ஆசியான் நாடுகளுடனான வர்த்தக ஒப்பந்தத்தின்படி வரிச்சலுகை கேட்கும் இறக்குமதியாளர், பொருள் அந்த நாடுகளில்தான் உருவானது என்பதற்குச் சான்றிதழ் தர வேண்டும். பொதுவாக மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் அங்கே சேர்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வேறு நாட்டுச் சரக்கு சுற்றுவழியில் வரும் சந்தேகம் இருந்ததால், 2020 செப்டம்பர் 21 முதல் சுங்கத் துறை விதிகள் இன்னும் இறுகின. வெறும் சான்றிதழ் போதாது, இறக்குமதியாளர் கையில் விவரங்களும் இருக்க வேண்டும். அரசுக்கு வரி இழப்பு என்றால் இவ்வளவு கேள்விகள். வாங்குபவர் பார்க்கும் பக்கத்துக்கு ஒரு கேள்வியும் இல்லை.

லைட்டர் சொல்லும் கதை

விற்பனையாளர் நேர்மையானவர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ‘தயாரான நாடு’ என்றால் என்ன என்ற சிக்கல் போகாது. இதைக் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிக்காரர்களைவிட நன்றாக உணர்ந்தவர்கள் குறைவு.

ஒரு பிளாஸ்டிக் லைட்டர் 20 தீப்பெட்டிகளின் விற்பனையைச் சாப்பிட்டுவிடுகிறது என்பது தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் சொல்லும் கணக்கு. பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைத்த சீன லைட்டர்களால், பெரும்பாலும் பெண்களே வேலை செய்யும் தீப்பெட்டி ஆலைகளில் வேலை நாட்கள் குறைவதாக அவர்கள் தொடர்ந்து முறையிட்டார்கள். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைவான மதிப்புள்ள சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது.

பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. முழு லைட்டருக்குத்தானே தடை? உதிரி பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றால்? அதுதான் நடக்கிறது என்று உற்பத்தியாளர்கள் மறுபடியும் டெல்லிக்குப் போனார்கள். 2024 அக்டோபரில் லைட்டர் பாகங்களின் இறக்குமதிக்கும் தடை வந்தது.

இடைப்பட்ட அந்த ஒன்றேகால் வருடத்தில் இப்படிப் பூட்டிய ஒரு லைட்டரை ஆன்லைனில் ஏற்றும் விற்பனையாளர் நாட்டின் பெயர் என்ன போட வேண்டும்? உடல், வால்வு, சக்கரம் எல்லாம் அங்கிருந்து. பூட்டியது இங்கே. ‘இந்தியா’ என்று போட்டால் அது பொய்யா? விதியைப் புரட்டினால் தெளிவான பதில் கிடைக்காது. இறக்குமதிப் பொருளின் பொட்டலத்தில் அது ‘தோன்றிய அல்லது தயாரான அல்லது பூட்டப்பட்ட’ நாட்டின் பெயர் வேண்டும் என்கிறது விதி. இரண்டு ‘அல்லது’. மூன்றும் மூன்று நாடாக இருந்தால், வசதியான ஒன்றை எடுத்துக்கொள்ள அங்கே இடமிருக்கிறது.

பூட்டுவதே ஏமாற்று வேலை என்று சொல்லிவிடவும் முடியாது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் உருவாகும் ஐபோன்களின் பெட்டியில் ‘இந்தியாவில் பூட்டப்பட்டது’ என்றே இருக்கிறது. சிப் வெளிநாட்டில் இருந்து வருகிறது, வடிவமைப்பு கலிஃபோர்னியா. அந்த வேலையை நம்பித் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான பெண்களின் சம்பளம் இருக்கிறது. அங்கே சொல்வதைப் பிரித்துச் சொல்கிறார்கள். மற்ற பொருட்களில் ‘இந்தியா’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாமே அடங்கிவிடுகிறது.

அரசு தனக்கு வாங்கும்போது மட்டும் இதில் கறார். கொள்முதலில் முதல் வகை உள்நாட்டு விற்பனையாளர் என்ற முன்னுரிமை வேண்டுமானால், பொருளின் மதிப்பில் 50 சதவீதமாவது உள்நாட்டில் உருவாகியிருக்க வேண்டும். பத்து கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கொள்முதல் என்றால் தணிக்கையாளரின் சான்றும் தேவை. சாதாரண வாடிக்கையாளர் பார்க்கும் பக்கத்துக்கு இப்படி ஒரு சதவீதக் கணக்கு கிடையாது. புதிய வரைவு வடிகட்டியைப் பற்றித்தான் பேசுகிறது.

890 மந்திரம் பலிக்காது

‘பார்கோடு 890-ல் தொடங்கினால் இந்தியப் பொருள், 690-ல் தொடங்கினால் சீனப் பொருள்’ என்ற வாட்ஸ்அப் செய்தி தீபாவளிக்குத் தீபாவளி சுற்றும். இது தவறு. முதல் மூன்று எண்கள், அந்த நிறுவனம் எந்த நாட்டின் ஜிஎஸ்1 அமைப்பில் பதிவு செய்து பார்கோடு வாங்கியது என்பதை மட்டுமே காட்டும். இந்திய நிறுவனம் ஒன்று ஷென்சென் நகரில் செய்யவைத்துக் கொண்டுவரும் பவர் பேங்க்கிலும் 890 இருக்கலாம்.

‘இந்தியா’ என்றால் காஞ்சிபுரமா, சூரத்தா?

வடிகட்டி வந்தாலும் தொடாத இன்னொரு பக்கம் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்கும் கீழே ‘காஞ்சிபுரம் சில்க் சாரி’ என்று ஆன்லைனில் வரிசையாக வரும். பிறந்த நாடு: இந்தியா. உண்மைதான், பொய் இல்லை. ஆனால் அது சூரத்தின் விசைத்தறியில் ஓடிய பாலியஸ்டராக இருக்கலாம். விவரத்தில் ‘ஆர்ட் சில்க்’ என்றிருக்கும். கலைநயமிக்க பட்டு என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. ஆர்ட் என்பது ஆர்ட்டிஃபிஷியல் என்பதன் சுருக்கம், அதாவது செயற்கை இழை.

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் பெயரைப் பொய்யாகப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு. கோர்வை போட்டு, உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து இணைக்கும் நெசவாளருக்கு, தேடல் பட்டியலில் தன் சேலைக்கு மேலே நூறு போலிகள் நிற்பதைத் தடுக்க இந்தச் சட்டம் இதுவரை பெரிதாக உதவவில்லை. நாட்டைக் காட்டும் வரி அவரைப் பொறுத்தவரை ஒன்றும் சொல்லாத வரி.

தெரிந்து என்ன ஆகப்போகிறது?

தேசப்பற்று ஒரு காரணம். அதைவிட வீட்டுக்குள் வரும் காரணம் பாதுகாப்பு. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அப்படியிருந்தும், 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டத்தில் ஆன்லைன் நிறுவனக் கிடங்குகளில் பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் சோதனை நடத்தியபோது, உரிய முத்திரை இல்லாத ஆயிரக்கணக்கான பொருட்கள் பிடிபட்டன.

இன்னொன்று, பொருள் வெடித்தாலோ தீப்பிடித்தாலோ யாரைப் பிடிப்பது என்ற கேள்வி. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதில் வாங்குபவர் பக்கம் நிற்கிறது. தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டாலோ, அவருக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாவிட்டாலோ, இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்படாதவர் என்றாலோ, விற்றவரே பொறுப்பு. ‘அது கம்பெனி பிரச்சினை சார், நாங்க வெறும் செல்லர்’ என்று கை கழுவ முடியாது.

அதனால் நாட்டின் பெயரைவிட, அதன் பக்கத்தில் இருக்கும் வரிகளைப் பார்ப்பது பலன் தரும். ‘இறக்குமதி செய்தவர்’ என்று ஒரு பெயர் இருந்தால், மேலே என்ன எழுதியிருந்தாலும் அது வெளியிலிருந்து வந்ததுதான். ‘மார்க்கெட்டட் பை’, ‘பேக்டு பை’ மட்டும் இருந்து தயாரிப்பாளர் பெயர் இல்லையென்றால் சந்தேகப்படலாம். சார்ஜர், பவர் பேங்க் போன்றவற்றில் ‘ஆர்’ என்ற எழுத்துடன் ஒரு பதிவு எண் இருக்கும். அது தொழிற்சாலைவாரியாகத் தரப்படும் எண். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அதைப் போட்டால் தயாரிக்கும் ஆலையின் பெயரும் முகவரியும் வந்துவிடும். ஐஎஸ்ஐ முத்திரையின் கீழுள்ள உரிம எண்ணுக்கும் இது பொருந்தும். விற்பனையாளர் எழுதியதை நம்பாமல் ஊரைக் கண்டுபிடிக்கச் சாதாரண ஆளுக்கு இருக்கும் நல்ல வழி இதுதான். சிரமம் என்னவென்றால், எண் பெரும்பாலும் பொருளின் மேல் இருக்கும். பொருள் வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்க்க முடியும்.

விற்பனையாளர் தன் பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம் என்பதால், ஆர்டர் போடுவதற்கு முன் அந்த ‘கூடுதல் விவரங்கள்’ பகுதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலும் பேசலாம். பொட்டல விவரங்களில் தவறு என்றால், தமிழ்நாட்டில் சட்டமுறை எடையளவு விதிகளை அமல்படுத்தும் தொழிலாளர் துறையிடமும் புகார் கொடுக்கலாம். பக்கத்தில் ‘இந்தியா’ என்றும் பொட்டலத்தில் ‘பி.ஆர்.சி.’ என்றும் இருந்தால், அந்த இரண்டு படங்களையும் பில்லையும் புகாருடன் இணைக்க வேண்டும்.