சுவருக்கு அந்தப் பக்கம் யார்?

நான் வங்கியில் எழுத்தர். கடன் பிரிவில் உட்கார்ந்து நாலு வருஷமாகிறது. வீட்டுக் கடன் கேட்டு வருகிறவர்களின் காகிதக் கட்டில் இரண்டு காகிதங்களைத் தவறாமல் பார்ப்பேன். ஒன்று அனுமதி வாங்கிய வரைபடம், இன்னொன்று கிரயப் பத்திரம். வரைபடத்தில் சுற்றுச்சுவர் வெறும் கோடு. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பது பத்திரத்தின் நான்குமாலில்தான் தெரியும். வடக்கே இன்னார் பட்டா, கிழக்கே பஞ்சாயத்து ரோடு, மேற்கே வாய்க்கால், தெற்கே காலனி. வாய்க்காலுக்குக்கூட சர்வே எண் உண்டு. நம்ம பக்கத்துக்கு ஆள் பேர் கிடையாது. 'காலனி', அவ்வளவுதான். பழைய பத்திரமாயிருந்தால் 'சேரி' என்று இருக்கும்.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. சொல் போகட்டும். அந்தத் தெற்கு எல்லையில் எழும்பி நிற்கும் சுவர் எப்போது போகும்?

தோழர்களே, வேலி போடுவதற்கும் சுவர் எழுப்புவதற்கும் சட்டம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ரோட்டின் அகலத்தைக் கேட்கும், விட வேண்டிய இடத்தைக் கேட்கும், உயரத்தைக் கேட்கும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு இன்னும் நுணுக்கம். சுற்றுச்சுவர் முன்தெருவின் நடுமட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக்கூடாது, 2.4 மீட்டர் வரை போவதானால் மேலே 90 சென்டிமீட்டர் திறந்த அமைப்பாக இருக்க வேண்டும் என்கிறது. அது வழிகாட்டிதான், ஊராட்சி அலுவலகம் வரைக்கும் வந்து சேர்வதில்லை. ஆனால் காற்றையும் பார்வையையும் முழுசாக அடைக்காதே என்று ஒரு பொறியாளனுக்காவது தோன்றியிருக்கிறது. இந்தச் சுவர் யாரை அடைக்கப் போகிறது என்று மட்டும் ஒரு விதியும் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

நமக்கென்றால் விதி நன்றாகவே வேலை செய்யும். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் எங்கம்மா ஆட்டுக்குட்டிகளுக்காகக் குடிசையைச் சுற்றி சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டு வேலி அடைச்சது. மூணாம் நாள் தலையாரி வந்து நின்னார். 'இது வண்டிப்பாதை புறம்போக்கு, யாரைக் கேட்டு வேலி போட்டே?' பின்னாலேயே பி மெமோ வந்தது. 1905ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டம் எங்கம்மாவின் முள்ளைத் தேடி எங்கள் தெருவுக்கு வந்தது. அதே வண்டிப்பாதையின் அந்த முனையில், ஊர்க்காரர் ஒருத்தர் எட்டடிச் சுவர் வைத்துப் பாதையில் பாதியை உள்ளே சேர்த்துக்கொண்டார். அங்கே தலையாரியும் போகவில்லை, மெமோவும் போகவில்லை. எங்கம்மா முள்ளைப் பிரிச்சு அடுப்பெரிச்சது. அந்தச் சுவர் இன்னிக்கும் நிக்குது.

உத்தப்புரம் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1989 மோதலுக்குப் பிறகு ஆதிக்கச் சாதியினர் சுமார் 600 மீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். அதன் மேல் மின்கம்பி போட்டது 2008இல் வெளியே வந்து, கட்சிகளும் இயக்கங்களும் தெருவில் இறங்கின பிறகுதான், மே 6 அன்று போலீஸ் காவலோடு 15 அடி இடிக்கப்பட்டது. கட்டி 19 வருஷம்! இடித்ததும் சாதி இந்துக்கள் கோபித்துக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். சுவர் எழும்பியபோது போக நமக்கு எந்த மலையும் இல்லை.

மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் பாதையை மறிக்கவில்லை, உயிரை எடுத்தது. 2019 டிசம்பர் 2, விடியாத நேரம், மழை. ஒரு பணக்கார வீட்டின் சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் அருந்ததியர் வீடுகள் மேல் சாய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்துப்போனார்கள். சுவர் ஆபத்து என்று அந்த மக்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். உரிமையாளரைக் கைது செய் என்று கேட்டவர்களுக்குத் தடியடி கிடைத்தது. அலட்சியத்தால் மரணம் என்று வழக்கு எழுதினார்கள். ஒரு வீட்டுக்கு 20 அடிச் சுவர் எதற்கு? திருடனுக்கு எட்டடி போதும். மீதி பன்னிரண்டடி நம்ம முகம் தெரியாமலிருக்க.

'என் பட்டா, என் சுவர், உனக்கென்ன?' என்பார்கள். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பொதுப்பாதையை மறித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. 2015 திருத்தம் அதைத் தெளிவாகவே குற்றம் என்கிறது. சொந்த நிலத்தில் நம்மைப் பார்க்காமலிருக்க எழுப்பும் சுவரை அந்தச் சட்டத்தால் எளிதில் தொட முடியாது. அரசு அவனை நிறுத்திக் கேள்வி கேட்கக்கூடிய நேரம் ஒன்றே ஒன்றுதான், அனுமதிக்கு வந்து நிற்கிற நேரம். அதைத் தவறவிட்டால் அப்புறம் 19 வருஷம் போராட வேண்டும், இல்லையென்றால் 17 பிணம் விழ வேண்டும். அந்த ஒரு நேரமும் இப்போது சுருங்கிக்கொண்டிருக்கிறது. 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 முதல் சுயசான்று போதும். ஏழை வீடு கட்ட அலையாமலிருக்க அது வேண்டியதுதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் வந்து பார்க்க ஆளில்லாத அனுமதியில் தெற்கு எல்லையில் இருக்கிறவன் கண்ணுக்கே படமாட்டான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். மதுரை மாவட்டம் சந்தையூரில் அருந்ததியர் எதிர்த்த சுவர் சாதி இந்துக்கள் கட்டியதல்ல. பறையர் கோயிலைச் சுற்றி எழுந்த சுவர். 2018இல் அருந்ததியர்கள் ஊரைவிட்டு வெளியேறிப் போராடினார்கள். 'நமக்குள்ள பேசித் தீத்துக்கலாம், வெளிய தெரிஞ்சா இயக்கத்துக்குக் கெட்ட பேரு' என்று என் காதுபடச் சொன்ன தோழர்கள் உண்டு. பேசித் தீர்க்கலாம் என்று ஊரும் நம்மிடம் இப்படித்தானே சொல்கிறது? உத்தப்புரச் சுவரை இடிக்கச் சொன்ன வாய் சந்தையூரில் மூடிக்கொண்டால் அண்ணல் பெயரைச் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

ஆகவே நான் கேட்பது இது. குடியிருப்பு எல்லையில் சுவரோ வேலியோ போட அனுமதி தருவதற்கு முன், அந்தப் பக்கம் வசிக்கிறவர்களின் தெருவிலேயே அறிவிப்பு ஒட்ட வேண்டும். அவர்களை அவர்கள் தெருவிலேயே வைத்து விசாரிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வாங்கிய கைநாட்டு விசாரணையாகாது. பண்ணையில் கூலிக்குப் போகிறவன் எதற்கும் கையெழுத்துப் போடுவான். சுயசான்று வீட்டோடு நிற்கட்டும், பட்டியல் சாதியினர் தெருவை ஒட்டிய சுவருக்கு வேண்டாம்.

மாணவத் தோழர்கள் இதைச் சட்டமாகும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 2005 தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய்க் கட்டணம். உங்கள் ஊராட்சியில் நம் தெருவை ஒட்டி நிற்கும் ஒவ்வொரு சுவருக்கும் அனுமதி உண்டா, எத்தனை அடிக்கு, யார் வந்து பார்த்தார்கள் என்று கேளுங்கள். பதிலை எடுத்துக்கொண்டு கிராமசபைக்குப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று எத்தனையோ நாள் கூடுகிறது. தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் மறுத்ததையும் எழுதி வாங்குங்கள்.

போன வாரம் ஒருத்தர் கடனுக்கு வந்தார். நான்குமாலில் தெற்கே காலனி. 'இந்தப் பக்கம் யார் சார் இருக்காங்க?' என்று கேட்டேன். 'அங்க யாரும் இல்ல சார், காலனிதான்' என்றார்.