முதுகு ஆபரேஷனை மறைக்கிற மகாஜனங்களே!

இந்தப் பதிவை ஒன்றரை வருஷமாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். வீட்டம்மா வேறு "உங்க முதுகை ஊருக்கெல்லாம் காட்டணுமா?" என்று கேட்டாள். காட்டத்தான் வேண்டும் என்று இப்போது முடிவு செய்துவிட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கதை. 2022 ஜனவரி. மினியாபோலிஸில் பனி வாரிக்கொண்டிருந்தபோது இடுப்பில் 'சுரீர்' என்றது. ஆறு வாரம் மாத்திரை, பிசியோதெரபி, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. இடது கால் மின்சாரக் கம்பி மாதிரி இழுத்தது. எல்5-எஸ்1 டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, மைக்ரோடிஸ்கெக்டமி செய்யலாம் என்றார் டாக்டர். காலையில் போனேன், சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் நாலு பக்கம் தாள். குனியாதே, தூக்காதே, திரும்பாதே. அவ்வளவுதான்.

அலுவலகத்தில் "ஃபேமிலி எமர்ஜென்சி" என்றேன். தமிழ் நண்பர்களிடம் "சின்ன பிடிப்பு". கோலார் தங்கவயலில் இருக்கிற நைனாவிடமும் அம்மாவிடமும் மூச்சு விடவில்லை. ஏன்? நைனா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது வருஷம் வேலை செய்தவர். பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம் அது. அவருடைய மகன் ஏசி ரூமில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகை ஒடித்துக்கொண்டான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இதுதான் நிஜக் காரணம். "அவங்க கவலைப்படுவாங்க" என்பதெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்ட பொய்.

இரண்டாம் நாள் ராத்திரி தும்மல் வந்தது. உயிர் போய் உயிர் வந்தது. மூன்றாம் நாளும் டாய்லெட் போக முடியவில்லை. வலி மாத்திரை மலச்சிக்கல் உண்டாக்கும் என்பது அந்த நாலு பக்கத் தாளில் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. வலியில் இருப்பவன் மூலையெல்லாமா படிப்பான்? நடுராத்திரி இரண்டு மணிக்கு, தையல் பிரிந்துவிட்டதோ, கால் போய்விடுமோ என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

வீட்டம்மாவுக்குத் தாங்கவில்லை, அம்மாவிடம் உளறிவிட்டாள். அம்மா எதிர்வீட்டில் உளறினாள். எங்கள் லைன் வீடுகளில் ரகசியத்துக்கு ஆயுசு பத்து நிமிஷம் :-) மறுநாள் ஊரிலிருந்து வாட்ஸப்பில் ஒரு அழைப்பு. ஊர்காமில் எனக்கு மூன்றாம் வகுப்பு எடுத்த டீச்சரக்கா. அவருக்கும் பல வருஷத்துக்கு முன்னால் இதே ஆபரேஷன் நடந்திருக்கிறதாம். எனக்கு அதுவரை தெரியாது.

"தும்மல் வந்தா தலகாணியை வயித்தோட அணைச்சுக்கோ. எழுந்திருக்கும்போது நேரா எழாதே, மரக்கட்டை மாதிரி ஒருக்களிச்சு உருண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழு. டாய்லெட்டை நினைச்சு வெட்கப்படாம டாக்டர் கிட்ட கேளு, அதுக்கு மருந்து குடுப்பாங்க. பாதத்துல மரத்த இடம் சீக்கிரம் சரியாகாது, வலி போன பிறகும் மாசக்கணக்கா இருக்கும். எனக்கும் இருந்துச்சு. பயப்படாதே."

கடைசி மூன்று வார்த்தையைக் கேட்டு நாற்பத்திரண்டு வயசு ஆள் தேம்பி அழுதேன். டாக்டரும்தான் "டோன்ட் வொரி" என்றார். ஆனால் "எனக்கும் இருந்துச்சு" என்று அவரால் சொல்ல முடியாதே! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள். ஆறு வாரம், தினம் பத்து நிமிஷம் பேசினார் டீச்சரக்கா. நான் எழுந்து நடந்தேன்.

நல்லபடியாக முடிந்ததல்லவா? இனிமேல்தான் அசிங்கம்.

குணமான பிறகு நான் என்ன செய்தேன்? மறுபடி வாயை மூடிக்கொண்டேன். 2023-ல் ஆண்டர்சன்பேட்டைப் பையன் ஒருவன், இங்கே எங்கள் பக்கத்து ஊரில் வேலை, ஒரு பொங்கல் விழாவில் நொண்டி நொண்டி நடந்தான். "டிஸ்க்காம் அண்ணா, ஆபரேஷன்ங்கறாங்க. பண்ணினா ஆயுசுக்கும் படுக்கைன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றான். சுற்றி நின்ற நாலு பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர் எண்ணெய் சிபாரிசு செய்தார். முதுகில் தழும்போடு நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். "எனக்குப் பண்ணியிருக்கு தம்பி, இதோ நிக்கிறேன் பார்" என்று சொல்ல எத்தனை விநாடி ஆகும்? சொல்லவில்லை. நாலு பேருக்கு முன்னால் வெட்கம்.

மூன்று மாதம் எண்ணெயோடு ஓட்டினான். ஒரு நாள் காலையில் பாதத்தைத் தூக்க முடியவில்லை. அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். வலி போய்விட்டது. பாதம் முழுசாக வரவில்லை, இன்றைக்கும் காலில் பட்டை கட்டித்தான் நடக்கிறான். முன்பே செய்திருந்தால் நிச்சயம் வந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று மாதத்தில் என் மௌனத்துக்கும் பங்கு உண்டு. அந்தக் கணக்கைத்தான் இங்கே தீர்க்கப் பார்க்கிறேன்.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

"வெளியே தெரிந்தால் மானம் போகும், சம்பந்தம் வராது, வேலையில் ஓரம் கட்டுவார்கள்" என்கிறவர்களுக்கு: நல்லபடியாகக் குணமானவர்கள் எல்லாம் மறைத்துக்கொள்கிறோம். மறைக்க முடியாமல் போனவர்கள் மட்டும் கண்ணில் படுகிறார்கள். ஊர் முழுக்க "ஆபரேஷன் பண்ணினா அவ்வளவுதான்" என்ற கதை ஏன் சுற்றுகிறது என்று இப்போது புரிகிறதா? அந்தக் கதையை வளர்ப்பது எண்ணெய் விற்பவன் மட்டும் இல்லை ஐயா, நீங்களும் நானும்தான்.

"டாக்டர் எதற்கு இருக்கிறார், நோயாளிக்கு நோயாளி பேசி என்ன ஆகும்" என்கிற மேதாவிகளுக்கு: எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் வேலூர். அங்கே சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1954-ல் சாலை விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் பிறந்தது. தண்டுவடம் அடிபட்டுப் படுத்திருப்பவன் முன்னால் சக்கர நாற்காலியில் டாக்டர் வந்து நின்றால், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே பாதி வைத்தியம் ஆகிவிடாதா?

இன்னொருவர், தென்காசிப் பக்கம் ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன். 1975-ல் இன்ஜினியரிங் மாணவர். கடற்படை அதிகாரி தேர்வுக்காக பெங்களூர் வந்த இடத்தில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல் அமர் சேவா சங்கம் தொடங்கினார். தனக்கு வைத்தியம் பார்த்த விமானப்படை டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். 2020-ல் பத்மஸ்ரீ. திருவண்ணாமலையில் ப்ரீத்தி ஸ்ரீனிவாசன், தமிழ்நாடு 19 வயதுக்குட்பட்டோர் பெண்கள் கிரிக்கெட் அணித் தலைவியாக இருந்தவர், 1998-ல் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 2013-ல் 'சோல்ஃப்ரீ' தொடங்கி, தன்னைப் போன்றவர்களுக்குத் துணையாக நிற்கிறார்.

இவர்கள் பட்டதில் நம் டிஸ்க் கால் தூசுகூட இல்லை. இவர்களே மறைக்கவில்லை, நமக்கு என்ன கேடு?

அடுத்து, எதிர்ப் பக்கத்து ஆசாமிகள். ஆபரேஷன் முடிந்த மறுநாளே பாதி டாக்டராகி, "அந்த மாத்திரையை நிறுத்து, இதைப் போடு" என்கிறவர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். டிஸ்க் பிதுங்கிய பலருக்கு சில வாரங்களில் கத்தி படாமலே வலி குறைகிறது. எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. யாருக்குத் தேவை என்பதை நீங்களும் நானும் சொல்லக் கூடாது. டீச்சரக்கா ஒரு நாள்கூட எனக்கு மாத்திரை பெயர் சொன்னதில்லை. "எனக்கு இப்படி இருந்துச்சு, உனக்கு வேற மாதிரி இருக்கலாம், டாக்டரைக் கேளு" என்பார். ஒன்றே ஒன்றுக்குத்தான் அதட்டினார்: சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடை இடுக்கில் மரத்தாலோ, காலில் பலம் குறைந்துகொண்டே போனாலோ, ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் எமர்ஜென்சிக்கு ஓடு. இதை மட்டும் நீங்களும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக நம் தமிழ்ச் சங்கங்கள். நடிகர் வந்தால் மேடை போட ஐம்பது பேர் இருக்கிறோம். நடுராத்திரி இரண்டு மணிக்கு வலியில் கிடக்கிறவன் தமிழில் பேச ஒரு ஆள் இல்லை. முதுகு, முழங்கால், இதயம் என்று ஒவ்வொன்றையும் கடந்து வந்து, பேசச் சம்மதிக்கிறவர்கள் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ள எவ்வளவு செலவாகும்? ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலை. உள்ளூரில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. எனக்குக் கை கொடுத்தவர் பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

லைனில் ஒருவருக்கு அடிபட்டால் யாரும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. முன்னால் அடிபட்டவர் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். பாதி ஊர் விடியற்காலை ரயிலேறி பெங்களூர் போய் வர ஆரம்பித்தது. எங்களைப் போல சிலர் விமானம் ஏறினோம். சம்பளம் வந்தது, கதவுக்குப் பூட்டும் வந்தது.

போன வருஷம் ஊருக்குப் போனபோது நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஆண்டர்சன்பேட்டைப் பையன் கதை உட்பட. திட்டுவார் என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார்: "கீழ புதுசா வர்ற பையனுக்கு இன்ஜினியர் படம் காட்டுவாரு. ஆனா கடப்பாரையால பாறையைத் தட்டி, இந்தச் சத்தம் வந்தா நில்லு, இந்தச் சத்தம் வந்தா ஓடுன்னு சொல்லிக் குடுக்கறது பழைய ஆளுதான். தெரிஞ்சும் சொல்லாம நின்னா அவனைக் கூட வேலைக்குச் சேத்துக்க மாட்டோம்."

எனக்குத்தான் சொன்னார். உங்களுக்கும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ஆண்டர்சன்பேட்டைத் தம்பியிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகே அவன் கதையை எழுதினேன். இப்போது அவனும் நானும் ஆளுக்கொரு ராத்திரி, முறை வைத்துப் போன் எடுக்கிறோம்.