பழைய விளையாட்டுப் பொருள்களின் மெய்ம்மதிப்பு

ஒரு பொருளின் விலை வேறு. அதன் மதிப்பு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் இழப்புப் பெரிது. பழைய விளையாட்டுப் பொருள்களை வாங்கிச் சேர்க்கும் வழக்கம் இந்நாளில் நம்மவரிடையே பரவியுள்ளது. பல்லாங்குழிப் பலகை, மரப்பாச்சி, பித்தளைச் செப்பு, தகரப் பொம்மை முதலியன ‘அரும்பொருள்’ என்னும் பெயரால் விலை கூறப்படுகின்றன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளைக் கண்டோர் இதனை நன்கறிவர். நம் திண்டுக்கல்லைச் சூழ்ந்த சிற்றூர்களிலோ, பழைய வீட்டை இடிக்குங்கால் இவை ஏனைச் சாமான்களோடு எடைக்குப் போடப்படுகின்றன. வாங்குங்கால் அறியாமல் மிகுதியாகக் கொடுக்கின்றோம். விற்குங்கால் அறியாமல் மிகுதியாக இழக்கின்றோம். ஆதலின், இவற்றை மதிப்பிடும் நெறியை ஆராய்தல் தகும்.

இந்நெறி நம் ஊரார்க்குப் புதிதன்று. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை வாங்குவோர், அதன் துருவைக் கண்டு விலை பேசுவதில்லை. கையில் ஏந்திக் கனம் பார்ப்பர். சாவியை இட்டுத் திருப்பி, உள்ளே லீவர்கள் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று நோக்குவர். விளையாட்டுப் பொருளையும் அவ்வாறே, அது செய்த தொழிலைக் கொண்டு சோதித்தல் வேண்டும்.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். அதன் 14 குழிகளிலும் விரல்கள் பன்முறை புகுந்து காய்களை அள்ளியிருப்பின், குழிகளின் உட்புறமும் விளிம்பும் வழவழப்புற்றிருக்கும். கை படாத அடிப்புறம் அவ்வாறு இராது. எப்பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்து, ஒரே சீராகக் கறுத்திருப்பின், அது காலத்தின் வேலையன்று; உப்புத்தாளும் சாயமும் செய்த வேலையென்று ஐயுறல் வேண்டும். மரப்பாச்சியும் அத்தகையதே. செம்மரத்தாற் செய்தது கைக்குக் கனமாயிருக்கும். இலேசான மரத்திற்குச் செஞ்சாயம் பூசியது எடையிலேயே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அயல்நாட்டுப் பொம்மைகளுக்கு அவற்றின் முத்திரையே சான்று. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ எனப் பொருள்படும் ஆங்கில முத்திரையுடைய தகரப் பொம்மை, 1945-க்கும் 1952-க்கும் இடைப்பட்ட காலத்தது; அதனை முதல் உலகப்போர்க் காலத்ததென்பாரை அம்முத்திரையே மறுக்கும். லிவர்பூலில் வார்க்கப்பட்ட ‘டிங்கி’ மோட்டார் வண்டிகளின் அச்சுகள் சில, 1960-களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்து, அங்கே ‘நிக்கி’ என்னும் பெயரில் வண்டிகள் ஆயின. அடித்தகட்டைத் திருப்பிப் பாராதவன் ஒன்றை மற்றொன்றாக வாங்குவான். புதுவர்ணம் பூசிய வண்டி கண்ணுக்கு இனிதாயினும், சேகரிப்போரிடத்து மதிப்புக் குன்றும்.

‘இருநூறாண்டுப் பழமையுடையது’ என்று கூறும் வணிகரிடம் கேட்கத் தக்க வினா ஒன்றுண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த கலைச்சிறப்புடைய பொருள்களை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும்; தனியார் அவற்றை அயல்நாட்டுக்கு ஏற்றுமதி செய்தலும் கூடாது. உரிமமின்றி அவர் இருநூறாண்டுப் பொருளை விற்பாராயின், ஒன்று அவர் சொல் பொய். அன்றேல் அவர் தொழில் குற்றம். இரண்டில் எதுவாயினும் நாம் விலகி நிற்றலே நன்று.

விற்போர் கேட்கும் விலையும் மதிப்பிற்கு அளவுகோலன்று. அதையொத்த பொருள் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்பதே கருதத் தக்கது.

இனி, விலைக்கு அப்பாற்பட்ட மதிப்பொன்று உளது. யார் செய்தது, எந்த வீட்டிற்கு யாரோடு வந்தது, எவ்விதம் ஆடினர் என்னும் செய்திகளே ஒரு பொருளை மற்றொன்றினின்று வேறுபடுத்துவன. குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுக்கும் ஆட்டமும், தனியொருத்தி ஆடும் சீதைப்பாண்டியும் பலகையில் எழுதப்பட்டிருக்கவில்லை. அவை நம் பாட்டிமார் நினைவில் உள்ளன. பலகையைப் பின்னொருநாள் பொருள் கொடுத்து மீட்கலாம். அந்நினைவை எக்கடையிலும் வாங்கவியலாது.

ஆதலின், மாணாக்கர்களே, விடுமுறையில் ஊர் செல்லுங்கால் பரண்மேல் உள்ளவற்றை இறக்கிப் பாருங்கள். விற்பதாயினும் கேட்டெழுதிய பின் விற்பீராக. விற்குமுன் ஒருமுறை பாட்டியோடமர்ந்து ஆடியும் பார்ப்பீராக. அதன்பின் எடைக்குப் போட மனம் வருமோ என்பது எமது ஐயம்.