புதுப்பட்டியின் இரண்டு புத்தகங்களும் எழுதப்படாத பட்டாசு ஆலையும்

2024 நவம்பரில் ராஜ் கௌதமன் காலமானபோது நம் தோழர்கள் எல்லோரும் அஞ்சலிக் குறிப்புகளைப் பகிர்ந்தோம். அன்று இரவு எங்களுக்குள் ஒரு கேள்வி வந்தது. நம்மில் எத்தனை பேர் 'சிலுவைராஜ் சரித்திரம்' படித்திருக்கிறோம்? ஐந்து பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருவர் பாதி படித்திருந்தார். 'கருக்கு'? எல்லோரும் கை தூக்கினோம். அதிலும் மூன்று பேர் பரீட்சைக்காகப் படித்தவர்கள். அந்த வெட்கத்தில் தொடங்கியதுதான் இந்த வாசிப்பு. சிவகாசியில் ஒரு தோழரின் வீட்டு மாடியில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், நம் மாவட்டத்தைப் பற்றிய நாவல்களையும் தன்வரலாறுகளையும் வரிசையாக எடுத்துப் படித்தோம். வருபவர்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். அவர்களில் சிலர் விடுமுறை நாட்களில் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் எங்கள் கருத்துகளுக்கெல்லாம் காரணம் அதுதான்.

முதலில் இரண்டு புத்தகங்களையும் சேர்த்தே படித்தோம். பாமாவும் ராஜ் கௌதமனும் உடன்பிறந்தவர்கள் என்பது பலருக்கும் தெரியும். வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டி, மலையடிவாரத்து ஊர். ஒரே வீடு, ஒரே தெரு, ஒரே கோயில், பட்டாளத்தில் வேலை பார்த்த ஒரே அப்பா. தங்கை 1992இல் 'கருக்கு' எழுதினார். அண்ணன் பத்து ஆண்டு கழித்து, 2002இல், 'சிலுவைராஜ் சரித்திரம்' எழுதினார். தெரிந்திருந்தும் நாம் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. ஒன்று ஆங்கிலத்துக்குப் போய் உலகப் புகழ் பெற்றது, இன்னொன்று இங்கேயே தங்கிவிட்டது.

'கருக்கு'வில் ஒரு அண்ணன் வருவார், நினைவிருக்கிறதா? தெருவில் ஒரு பெரியவர் வடைப் பொட்டலத்தைக் கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிறுமி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வீட்டுக்கு வந்து சொன்னால் அண்ணன் சிரிக்கவில்லை. நாயக்கர் வீட்டுப் பண்டத்தை நாம் தொடக்கூடாது என்பதற்காகத்தான் அந்த நூல் என்று விளக்குகிறார். படிப்பு ஒன்றால்தான் இதைத் தாண்ட முடியும் என்று அவளுக்குச் சொல்வதும் அந்த அண்ணன்தான். தங்கையின் புத்தகத்தில் அண்ணன் விளக்குப் பிடிக்கிறவர். அப்படியே அண்ணனின் புத்தகத்துக்கு வந்தால், அங்கே சிலுவைராஜ் என்று ஒருவன் இருட்டில் தடுமாறிக்கொண்டிருக்கிறான். படிக்கிறான், ஊர் சுற்றுகிறான், பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காமல் அலைகிறான். எல்லாவற்றையும் தானே தள்ளி நின்று கிண்டல் செய்துகொண்டே போகிறான். எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி சொன்னது சரியாகப் பட்டது: "அண்ணே, தங்கச்சிக்குச் சொன்ன அறிவுரைய இவரு நம்பவே இல்லைபோல."

அந்த வித்தியாசத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறோம். படித்தால் மரியாதை வரும் என்பது நம் வீடுகளில் அம்மாக்கள் இன்றும் சொல்வது. தங்கையின் புத்தகம் அந்த நம்பிக்கையிலிருந்து கிளம்பி, வாத்தியார் வேலைக்குப் போய், கன்னியர் மடத்துக்குள் போய், அங்கும் சாதி உட்கார்ந்திருப்பதைக் கண்டு வெளியே வருகிறது. அண்ணனின் நாவலோ அந்த நம்பிக்கையைத் தொடக்கத்திலிருந்தே சந்தேகத்தோடு பார்க்கிறது. முடிவில் சிலுவைராஜ் இந்துவாக மாறுகிறான். கடவுளைக் கண்டதால் வந்த மாற்றம் இல்லை. இடஒதுக்கீட்டில் வேலை வாங்க அந்தச் சான்றிதழ் வேண்டும், அவ்வளவுதான்.

இந்த முடிவைப் பற்றி எங்கள் மாடியில் இரண்டு ஞாயிறு சண்டை நடந்தது. பட்டியல் சாதியார் யார் என்பதை மதத்தோடு கட்டிய குடியரசுத் தலைவர் ஆணை 1950இல் வந்தது. ராஜ் கௌதமன் பிறந்ததும் அதே ஆண்டு. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்ட அந்த ஆணை கிறித்தவ தலித்துகளுக்கு இன்னும் கதவைத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். 2022இல் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது நமக்குத் தெரியும். ஞாயிறு காலை கோயிலுக்குப் போய்விட்டு, சான்றிதழில் இந்து என்று எழுதியிருக்கும் வீடுகள் நம் ஊர்களில் எத்தனை என்பதும் நமக்குத் தெரியும். கூட்டத்தில் ஒரு தங்கை, சிலுவைராஜ் செய்தது கோழைத்தனம் என்றார். இன்னொருவர், அவர் வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருக்கும் ஒரு காகிதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். நாங்கள் நினைப்பது இதுதான்: தன்னைத் தியாகியாகக் காட்டிக்கொள்ள எல்லா வசதியும் இருந்தும், கேலிக்கு ஆளாகும் ஒருவனாகத் தன்னை எழுதிக்கொள்ளப் பெரிய தைரியம் வேண்டும். நம் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகள் எதிலும் அந்தத் தைரியத்தை நாங்கள் பார்த்ததில்லை.

குறையும் சொல்ல வேண்டும். 'சிலுவைராஜ் சரித்திரம்' மிக நீளம். அதைவிட முக்கியம், அதில் பெண்கள் ஓரத்திலேயே நிற்கிறார்கள். சிலுவைராஜ் சுற்றித் திரிய முடிந்தது. அவன் தங்கைகள் சுற்றித் திரிந்திருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும் என்ற கேள்வி நாவலுக்கு வருவதே இல்லை. அதற்குப் பதில் வேண்டுமானால் பாமாவின் 'சங்கதி'யைத்தான் எடுக்க வேண்டும்.

'வன்மம்' பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். 2002இல் வந்த பாமாவின் நாவல். கண்டம்பட்டியில் பள்ளரும் பறையரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள், நாயக்கர்கள் நடுவில் நின்று லாபம் பார்க்கிறார்கள். கடைசியில் பஞ்சாயத்துத் தேர்தலில் இரண்டு தெருவும் சேர்கின்றன. நாவலாக இது பலவீனமானது, ஆட்கள் மனதில் நிற்பதில்லை. ஆனால் நம் மாவட்டத்தில் இயக்க வேலை செய்யும் யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது. எங்கள் கூட்டத்திலேயே அன்று ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு அருந்ததியர் தோழர் கேட்டார்: "இதுல எங்க தெரு எங்க இருக்கு?" எங்களிடம் பதில் இல்லை.

இனி நாங்கள் உண்மையில் எழுத வந்த இடம்.

புதுப்பட்டியிலிருந்து சிவகாசி பஸ்ஸில் போகும் தூரம். இந்தப் பகுதியில் நம் மக்களின் கணிசமான குடும்பங்களுக்குச் சோறு போடுவது வயலோ கோயிலோ இல்லை, பட்டாசும் தீப்பெட்டியும்தான். ஆனால் இத்தனை புத்தகங்கள் படித்தும் ஒரு பட்டாசு ஆலைக்குள் போய் உட்கார்ந்த நாவலோ தன்வரலாறோ எங்கள் கையில் அகப்படவில்லை. 'சங்கதி'யில் மைக்கண்ணி என்ற சின்னப் பெண் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறாள். 1994இல் வந்த புத்தகம். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் முன்பே பாமா அந்தப் பெண்ணை எழுதிவிட்டார். தீப்பெட்டிக் குழந்தைகளைப் பற்றிப் பூமணி 'கருவேலம் பூக்கள்' படம் எடுத்தார். அவருடைய 'அஞ்ஞாடி' 1899 சிவகாசிக் கலகம் வரை போகிறது. இதெல்லாம் பெரிய வேலைகள்தான். ஆனாலும் மைக்கண்ணி சில பக்கங்களில் வந்து போய்விடுகிறாள். அவள் வளர்ந்து, கல்யாணம் ஆகி, முப்பது வருஷம் சரம் பின்னிய கதை எங்கே?

முதலாளிகளின் கதை நம் எல்லோருக்கும் மனப்பாடம். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததை ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். தொழிலாளியின் கதை செய்தித்தாளில்தான் வருகிறது, அதுவும் வெடித்த மறுநாள். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. நாற்பது பேர் அளவில் செத்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை, முதல் வெடிச் சத்தம் கேட்டு ஓடிப்போனவர்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். விடுமுறையில் வேலைக்கு வந்த ஒரு கல்லூரி மாணவியும் செத்துப்போனவர்களில் ஒருவர். அதற்குப் பிறகும் வருஷம் தவறியதில்லை. ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை, நிவாரணத் தொகை, போர்மேன் கைது. 'உள்குத்தகை' என்ற சொல் அப்போது இரண்டு நாள் எல்லோர் வாயிலும் இருக்கும்.

இமையத்தின் 'செல்லாத பண'த்தை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அது நம் மாவட்டத்துக் கதை இல்லை. தீக்காயத்தோடு ரேவதி என்ற பெண் புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள், வெளியே குடும்பம் காத்திருக்கிறது. நாவலின் பெரும்பகுதி அந்தக் காத்திருப்புதான். 2020க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. விமர்சகர்கள் அதைக் காதல் திருமணத்தின் கதையாக, பணத்தின் கதையாகப் படித்தார்கள். எங்கள் மாடியில் அதை வேறு மாதிரிப் படித்தோம். மதுரை இராஜாஜி மருத்துவமனையில் சித்தியோடு பதினோரு நாள் இருந்த ஒரு தங்கை, "வராந்தா சரியா இருக்கு" என்று மட்டும் சொன்னார். எத்தனை சதவீதம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது, உள்ளேயிருந்து வரும் நர்ஸின் முகத்தைப் பார்ப்பது, யாரோ வாங்கிவந்த டீ ஆறிப்போவது. இமையம் வராந்தாவை எழுதிவிட்டார். அந்த வராந்தாவுக்கு நம் ஊரிலிருந்து எந்த வழியாக வந்து சேர்கிறோம் என்பதை யார் எழுதுவது?

ஏன் யாரும் எழுதவில்லை என்று யோசித்தோம். நேரம் இல்லை என்பது ஒரு காரணம். பீஸ் ரேட்டுக்கு வேலை பார்த்துவிட்டு வந்து யார் பேனா பிடிப்பது? இன்னொரு காரணத்தைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறோம். அந்தத் தொழிலை எழுதினால் அந்தத் தொழில் மூடப்பட்டுவிடுமோ என்ற பயம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டபோது நம் தெருக்களில் அடுப்பு எரியாத நாட்கள் உண்டு. டெல்லியில் காற்று கெடுகிறது என்று வாதாடியவர்கள் யாரும் சரம் பின்னுகிற அம்மாவைப் பற்றி ஒரு வரி படித்திருக்கமாட்டார்கள். எழுதாமல் இருந்ததால் தொழிலும் காப்பாற்றப்படவில்லை, ஆட்களும் காப்பாற்றப்படவில்லை.

எழுத நினைக்கும் தம்பி தங்கைகளிடம் எங்களுக்கு ஒரு பயமும் இருக்கிறது. எல்லோரும் இன்னொரு 'கருக்கு' எழுத உட்காருகிறார்கள். தொடக்கத்தில் ஊர் வர்ணனை, அடுத்து பள்ளியில் அவமானம், அடுத்து பாட்டி, கடைசியில் விழிப்பு. பாமா அப்படி எழுதியது அவர் பார்த்தது அதுவாக இருந்ததால். அதே வீட்டில் பிறந்த அண்ணனே அந்த அச்சில் எழுதவில்லையே. ஆலைக்குள் நீங்கள் பார்த்தது வேறு. வெயில் ஏறுமுன் மருந்து வேலையை முடிக்க வேண்டிய அவசரம், நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேர், சனிக்கிழமைச் சம்பளம், தீபாவளிக்கு முன்னால் வாங்கிய முன்பணம், கம்பெனி பஸ்ஸில் நடக்கும் சிரிப்பும் சண்டையும் காதலும். ஆமாம், காதலும். ஆலை என்றாலே ஒப்பாரி என்று எழுதினால் அங்கே வேலை பார்க்கும் யாரும் அதைத் தங்கள் கதையென்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

சொந்த ஊரின் கோபமும் வரும், தயாராக இருங்கள். 'கருக்கு' வந்தபோது புதுப்பட்டியில் முதலில் கோபம்தான். நம் தெருவை இப்படி எழுதி மானத்தை வாங்கிவிட்டாயே என்றார்கள்.

எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு மாணவி போன மாதம் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். அவர் அம்மா இருபது வருஷமாக ஆலைக்குப் போகிறவர். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் அம்மாவின் விரல் இடுக்கில் போகாத அலுமினியத் தூளின் வெள்ளி மினுக்கலில் தொடங்கியிருந்தார். நன்றாக இருந்தது. அம்மாவிடம் படித்துக் காட்டச் சொன்னோம். மாட்டேன் என்றார், திட்டுவார் என்றார். பிறகு ஒரு இரவு படித்துக் காட்டியிருக்கிறார். அம்மா திட்டவில்லையாம். முழுக்கக் கேட்டுவிட்டு, "அது இல்லத்தா, மருந்த நாங்க அப்படிச் சலிக்கமாட்டோம்" என்று எழுந்து, சமையல்கட்டிலிருந்து மாவு சல்லடையை எடுத்துவந்து, கை எப்படிப் போக வேண்டும் என்று செய்து காட்டினாராம். எவ்வளவு மெதுவாக என்று. அந்தப் பக்கத்தை இப்போது திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்.