கை பேசலாம், கூலி பேசக்கூடாதா?

திருவேங்கடம் வட்டாரத்துத் தோழர்களுக்குக் கூலிக் கணக்கை நாம் கற்றுத்தரத் தேவையில்லை. தீப்பெட்டி ஆபீசில் எவ்வளவு, கரிசல் காட்டில் களையெடுக்க எவ்வளவு என்று விரல் நுனியில் வைத்திருப்பவர்கள் அவர்கள். குறைந்தால் கேட்பார்கள், கேட்டும் கிடைக்காவிட்டால் கூடிக் கேட்பார்கள். அதனால்தான், கூலி கேட்பதே குற்றமென்று கூச்சப்பட வைக்கப்பட்டிருக்கும் ஒரு தொழிலாளியைப் பற்றி அவர்களிடம் பேசுகிறோம். காது கேளாதோருக்கும் கேட்போருக்கும் நடுவே நின்று, கையால் பேசும் சைகை மொழிபெயர்ப்பாளர்தான் அவர்.

"கையை ஆட்டுவதற்கா காசு?" என்கிறார்கள் சிலர். வடக்கிலிருந்து ஒரு தலைவர் வருகிறார், முழங்குகிறார். பக்கத்தில் நின்று அதைத் தமிழில் தருபவர் படும் பாட்டைக் கூட்டங்களில் பார்த்திருக்கிறோமே, நாக்கை ஆட்டுவதற்கா காசு என்று எவரேனும் கேட்டதுண்டா? சைகையும் மொழிதான், தனி இலக்கணம் உள்ள மொழி. டில்லியில் 2015 இல் அதற்கென்றே ஆராய்ச்சிப் பயிற்சி மையம் அமைக்க அரசு ஒப்புதல் தந்தது; அந்த மையம் 2021 இல் வெளியிட்ட அகராதியில் பத்தாயிரம் சொற்கள். மொழிபெயர்ப்பாளராக இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு உண்டு. காதால் வாங்கி, கருத்தை மாற்றி, கையாலும் முகத்தாலும் அந்தக் கணமே கொடுக்க வேண்டிய வேலை. தொடர்ந்து செய்தால் மூளை களைக்கும், பிழை புகும். நீண்ட நிகழ்ச்சிக்கு இருவரை அமர்த்தி, இருபது முப்பது நிமிடத்துக்கொரு முறை மாற்றிக்கொள்வது அதனால்தான் உலக வழக்கம். இங்கோ, ஒருவரே போதும், அவரும் சேவை மனப்பான்மையோடு வரவேண்டும் என்ற உபதேசம்! சேவையாம் சேவை! ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் காசு எண்ணி வைக்கும் கை, இவர் முறை வரும்போது மட்டும் கும்பிடுகிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பேச இயலாத சாட்சியின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியர் துணையோடு, ஒளிப்பதிவு செய்து வாங்க வேண்டும் என்று 2013 இல் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 125 ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. குழந்தைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020 ஆம் ஆண்டு விதிகள் இன்னும் ஒருபடி மேலே போயின. மாவட்டந்தோறும் மொழிபெயர்ப்பாளர் பட்டியல் வேண்டும், ஊதியத்தை அரசு தரவேண்டும், அது தேர்ச்சி பெற்ற தொழிலாளிக்கு உரிய குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக்கூடாது என்றன. கவனியுங்கள், தோழர்களே! தேர்ச்சி பெற்ற தொழிலாளி என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. சேவகர் என்று சொல்லவில்லை. ஆனால் அது அடிமட்டக் கணக்கு. அதையே உச்சவரம்பாக்கிக் கொள்ள எந்த அதிகாரிக்கும் இடம் தரலாகாது.

கூலி கொடுக்க மனமில்லாத இடத்தில் என்ன நடக்கும்? "வீட்டு ஆள் யாரையாவது கூட்டிவா" என்பார்கள். காது கேளாத தங்கையின் பங்கு நிலத்துக்குப் பத்திரம் என்று வைத்துக்கொள்வோம். அவள் கையசைவுக்கு அங்கே பொருள் சொல்பவன் அண்ணன். நிலத்தை எழுதி வாங்குபவனும் அண்ணன். "சம்மதம் என்கிறாள்" என்று அவன் சொன்னால் மறுக்க யாருண்டு? ஊமை என்று ஊர் அவளை அழைக்கும். அவள் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள், ஊருக்குத்தான் அந்த மொழி தெரியவில்லை.

மலிவு தேடினால் மானம் போகும் என்பதை 2013 டிசம்பரில் உலகமே கண்டது. நெல்சன் மண்டேலாவுக்கு நினைவஞ்சலி, நாடுகளின் தலைவர்கள் மேடையில். பக்கத்தில் நின்றவர் காட்டிய சைகைக்குப் பொருளே இல்லையென்று காது கேளாதோர் கொதித்தனர். வழக்கமான கட்டணத்துக்கு வெகு குறைவாக அவர் அமர்த்தப்பட்டதாகப் பின்னர் அந்நாட்டுத் துணை அமைச்சரே சொன்னார்.

முறையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அடுத்த மாதம் நீதிமன்றமே அவருக்கு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தியது. டில்லியில் ஆவது சங்கரன்கோவிலில் ஏன் ஆகக்கூடாது?

நாம் கேட்பது இவ்வளவே. மாவட்டப் பட்டியலும் கட்டண விகிதமும் தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்படட்டும். வழக்கு வாய்தாவானாலும், பேருந்தேறி வந்து காத்துக்கிடந்த நாளுக்கு ஊதியமும் வழிச்செலவும் உண்டு என்று எழுதப்படட்டும். நீண்ட வேலைக்கு இருவர். பணம் அந்த மாதமே.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு மனுவோடு போகும் தோழர்கள் இதையும் ஒரு மனுவாக எழுதிச் செல்லுங்கள். நமது பொதுக்கூட்ட மேடைகளிலும் சைகை மொழிபெயர்ப்பாளர்களை நிறுத்துங்கள். நிறுத்தினால், சால்வை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். பேசிய கூலியை, கூட்டம் முடிந்த அன்றிரவே கையில் கொடுங்கள்.